ஆற்றங்கரை சஃபாரி லாட்ஜில் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

விக்டோரியா அருவிப் பக்கம் போகிற நம் ஆட்கள் அருவிக்குத் திட்டம் போடுவார்கள், படகில் போய் யானை பார்க்கத் திட்டம் போடுவார்கள், சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். நகரத்து ஓட்டலுக்கு அது சரி. ஆற்றங்கரை சஃபாரி லாட்ஜில் என்ன சாப்பிடப்போகிறோம் என்பது பாதிக்கு மேல் அறை பதிவு செய்யும்போதே முடிவாகிவிடும். எப்போது சாப்பிடுவோம் என்பது சூரியனையும் விலங்குகளையும் பொறுத்தது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் மீதியைச் சமாளித்துவிடலாம்.

நான் எழுதுவது சாம்பெசி, சோபே ஆறுகள் சேரும் பகுதியை மனதில் வைத்து. சாம்பியாவில் லிவிங்ஸ்டன், ஜிம்பாப்வேயில் விக்டோரியா ஃபால்ஸ் ஊர், போட்ஸ்வானாவில் கசானே. லிவிங்ஸ்டனும் விக்டோரியா ஃபால்ஸும் அருவிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கசானே அங்கிருந்து 70, 80 கிலோமீட்டர். 2021-இல் கசுங்குலா பாலம் திறந்த பிறகு சாம்பியாவிலிருந்து கசானே போவது எளிதாகிவிட்டது, அதற்கு முன் மிதவைப் படகுக்காக லாரிகள் நாள்கணக்கில் நின்ற இடம் அது. நமீபியா, தென்னாப்பிரிக்கா லாட்ஜ்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

கட்டணத்தில் சாப்பாடு இருக்கிறதா?

அறை வாடகைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். காலை உணவு மட்டும் சேர்ந்ததா, இரவு உணவும் காலை உணவுமா, மூன்று வேளையுமா, இல்லை சாப்பாடு, பானம், ஜீப் சவாரி, படகு என்று எல்லாமே சேர்ந்த 'ஃபுல்லி இன்குளூசிவ்' வகையா என்று பாருங்கள். ஊரை ஒட்டிய லாட்ஜ்களில் முதல் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். காட்டுக்குள் போகப் போகக் கடைசி வகைதான், வெளியே போய்ச் சாப்பிட அங்கே கடை ஏது? எல்லாம் சேர்ந்தது என்று போட்டிருந்தாலும் ஷாம்பெயின், விலை உயர்ந்த விஸ்கி எல்லாம் பொதுவாக அதில் வராது.

கசானேயில் மூன்று வேளையும் சேர்த்து எடுப்பது என்னைப் பொறுத்தவரை வீண். காலை பத்து மணிக்கு மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டவருக்கு மதியம் ஒரு மணிக்குப் பசிக்காது, நாலு மணிக்கு வேறு டீயும் கேக்கும் வைத்துவிடுவார்கள். இரவு, காலை இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டு மதியத்துக்கு ஒரு சாலட், ஒரு சாண்ட்விச் என்று தனியாக வாங்கிக்கொள்வதே போதும்.

அங்கே தங்காமல் சாப்பிட மட்டும் போகலாமா என்றால், பல இடங்களில் போகலாம், முன்கூட்டியே மேசை பதிவு செய்தால். விக்டோரியா ஃபால்ஸ் ஊரில் 1904-இல் தொடங்கிய பழைய விக்டோரியா ஃபால்ஸ் ஓட்டலின் திண்ணையில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பாலத்தைப் பார்த்துக்கொண்டே மாலைத் தேநீர் குடிப்பதற்கென்றே வெளியாட்கள் வருகிறார்கள். லிவிங்ஸ்டன் பக்கம் ராயல் லிவிங்ஸ்டனின் ஆற்றங்கரைப் புல்தரையில் வரிக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் தேசியப் பூங்காவுக்கு உள்ளே இருக்கிற லாட்ஜுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போக நினைக்காதீர்கள். இருட்டுவதற்குள் பூங்கா வாயிலை மூடிவிடுவார்கள், மேசை கிடைத்தாலும் திரும்பி வர வழி கிடைக்காது.

சமையலறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள்

நம்மவர்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சைவம் சாப்பிடுகிறவர்கள், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொடாதவர்கள், ஹலால் பார்க்கிறவர்கள், கடலை ஒவ்வாதவர்கள் எல்லாரும் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் மின்னஞ்சலில் தெளிவாக எழுதிவிட வேண்டும். பயண முகவரிடம் வாயால் சொன்னது சமையல்காரர் காதுக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். கசானேயிலும் லிவிங்ஸ்டனிலும் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, கடைசி நேரத்தில் கேட்டாலும் ஏதாவது செய்து தருவார்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவுக்குள் இருக்கும் முகாம்கள் பலவற்றில் தக்காளி முதல் தயிர்வரை சின்ன விமானத்திலோ, மணலில் நாள் முழுக்க ஓடிவரும் லாரியிலோதான் வர வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு "நான் வெங்காயம் பூண்டு சாப்பிட மாட்டேன்" என்றால் பாவம், அந்தச் சமையல்காரர் என்ன செய்வார்?

'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மீன் சாப்பிடுகிறவரையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. இறைச்சி, கோழி, மீன் கூடாது, அவற்றை வேகவைத்த சாறும் கூடாது, முட்டை சரியா இல்லையா, பால், தயிர், சீஸ் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஏமாறுகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: காய்கறி சூப்பில் கோழிச் சாறு, பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, சாதம் வேகவைத்த தண்ணீர், அப்புறம் ஆடி அசைகிற இனிப்புகளில் ஜெலட்டின். முட்டை தொடாதவர்கள் இனிப்பு எதையும் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

சொல்லிவிட்டுப் போனால் பட்டினி இல்லை, ஆனால் சலிப்பு உண்டு. முதல் நாள் பட்டர்நட் பூசணி சூப், பாஸ்தா. இரண்டாம் நாள் பட்டர்நட் பூசணி ரிசோட்டோ. மூன்றாம் நாள் காளான், கூடவே சுட்ட பட்டர்நட் பூசணி. அந்தப் பூசணி மேல் அவர்களுக்கு அப்படி ஒரு காதல். இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி: வெள்ளைக்கார மெனுவில் சைவம் தேடுவதை விட்டுவிட்டு, உள்ளூர்ச் சமையலில் இருக்கிற சைவத்தைக் கேளுங்கள். சாம்பியாவில் பூசணி இலையை வேகவைத்து, தக்காளி வெங்காயம் சேர்த்து, இடித்த நிலக்கடலையைப் போட்டுக் கெட்டியாகக் கிளறுவார்கள். எண்ணெய் பிரிந்து மேலே பளபளக்கும்போது இறக்கிச் சூடாகக் கொண்டுவந்து வைத்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். ஜிம்பாப்வேயிலும் கீரையைக் கடலை வெண்ணெய் சேர்த்துச் சமைக்கிறார்கள். போட்ஸ்வானாவில் மொரோகோ என்ற கீரை, உடைத்த மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த சாம்ப். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சகலகா: தக்காளி, கேரட், குடைமிளகாய், பீன்ஸ், மிளகாய் எல்லாம் சேர்ந்த காரத் தொக்கு மாதிரி ஒன்று, இந்த ஊரில் நம் நாக்குக்கு ஏறுகிற காரம் அநேகமாக அது மட்டும்தான். இவை விருந்தினர் மெனுவில் இல்லாவிட்டாலும் பணியாளர்களுக்கான சமையலில் இருக்க வாய்ப்பு அதிகம். "நீங்கள் சாப்பிடுவதில் எனக்கும் கொஞ்சம்" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

சில லாட்ஜ்களில் 'டர்பன் கறி' என்று ஒன்று இருக்கும். அதற்கும் நமக்கும் உறவு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது, அவர்களும் அவர்களுக்குப் பின்னால் போனவர்களும் வளர்த்த சமையல் அது. சிவப்பாக, மிளகாய் தூக்கலாக இருக்கும், உருளைக்கிழங்கு நிச்சயம். லாட்ஜில் வெளிநாட்டு விருந்தினருக்காகக் காரத்தைக் குறைத்துவிடுவார்கள், உறைப்பாக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எடுத்துப் போங்கள், நன்றாக மூடியதாக, ஆனால் அறையிலோ கூடாரத்திலோ வைக்காதீர்கள். போன உடனே சமையலறையிலோ வரவேற்பிலோ கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலி இல்லாத முகாம்களில் குரங்கு கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கும். ஆரஞ்சு மாதிரிப் பழங்களின் வாசனைக்கு யானையே வரும், அதைத் தடுக்கக் கூடாரத் துணியால் முடியாது.

மணிக்கணக்கு வேறு

மூன்று நாடுகளிலும் நேரம் ஒன்றுதான், இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு உணவு ஏழரைக்கு என்றால் நம் வயிற்றுக்கு அது இரவு பதினொரு மணி. முதல் நாள் தூங்கி வழிந்துகொண்டே சூப் குடிப்பீர்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

ஒரு நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். விடிவதற்கு முன்பே யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், காபியும் ரஸ்கும் இருக்கும். இந்த ரஸ்க் மோர் சேர்த்துச் சுட்டு உலர்த்திய கனமான துண்டு, காபியில் முக்காமல் கடித்தால் பல் போகும். பிறகு ஜீப் சவாரி, ஒன்பது பத்து மணிக்குத் திரும்பி வந்ததும் பெரிய காலைச் சாப்பாடு. வெயில் நேரம் முழுக்க ஓய்வு. மூன்றரை நாலுக்கு டீ. அதன்பின் படகோ ஜீப்போ, சூரியன் இறங்கும்போது ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்திக் கையில் பானம், கொஞ்சம் கொறிக்க. இருட்டின பிறகு லாட்ஜ், இரவுச் சாப்பாடு. ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், டிசம்பரில் ஏழு மணியை நெருங்கும். அதற்கேற்ப எல்லாம் அரை மணி, ஒரு மணி நகரும்.

விக்டோரியா ஃபால்ஸிலும் லிவிங்ஸ்டனிலும் மாலைப் படகுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படகில் தரும் சமோசா, கோழித்துண்டு, கடலை எல்லாம் கொறிக்கத்தான், அது இரவுச் சாப்பாடு இல்லை. பானம் கட்டணத்தில் சேர்ந்ததா என்பது படகுக்குப் படகு மாறும், ஏறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் லாட்ஜ் சமையலறை நடுராத்திரிவரை திறந்திருக்காது, ஒன்பது மணிக்குப் போய் நின்றால் சாண்ட்விச் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் லாட்ஜில் வயது வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருக்கிற இடங்கள் நிறைய. குழந்தைகளுக்கு ஆறு மணிக்கே தனியாகச் சமைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் செய்வார்கள்.

உடை, கொசு

கோட் சூட் எல்லாம் தேவையில்லை. சுத்தமான முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி போதும். இது மரியாதைக்காக இல்லை, கொசுவுக்காக. மலேரியா பரப்பும் கொசு பொழுது சாய்ந்தபின் கடிக்கும், நாம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். கணுக்காலில் மருந்து தடவுங்கள், மேசைக்கடியில் கடிப்பது அங்கேதான். மழைக்காலமான நவம்பர் முதல் ஏப்ரல் வரை அபாயம் அதிகம். தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஜூன், ஜூலை இரவுகளில் நல்ல குளிர் அடிக்கும், ஆப்பிரிக்காதானே என்று பருத்திச் சட்டையோடு போய் நடுங்குகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். அக்டோபர் இதற்கு நேர்மாறு, இரவிலும் புழுங்கும்.

மேசையில் உட்கார்ந்ததும்

முதலில் வணக்கம், பிறகுதான் மெனு. போட்ஸ்வானாவில் இதை ரொம்பப் பார்ப்பார்கள். ஆணாக இருந்தால் "துமேலா ரா", பெண்ணாக இருந்தால் "துமேலா மா", எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை, அதற்குப் பிறகு தண்ணீர் கேளுங்கள். நேராக "ஒரு கோக்" என்று ஆரம்பிப்பது முரட்டுத்தனம். ஜிம்பாப்வேயின் அந்தப் பகுதியில் நன்றிக்கு "சியபோங்கா", லிவிங்ஸ்டனில் "சிகோமோ" சொன்னால் புரியும்.

சில லாட்ஜ்களில் எல்லா விருந்தினருக்கும் ஒரே நீள மேசை, வழிகாட்டியும் கூட உட்கார்ந்து சாப்பிடுவார். யாரென்றே தெரியாத நாலு பேரோடு இரண்டு மணி நேரம் பேச வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் தனி மேசை கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நாளாவது பொது மேசையில் உட்காருங்கள். சிறுத்தை எந்தப் பக்கம் போனது, நாளைக்கு எந்தப் பாதை நல்லது என்கிற பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். அன்றைய மெனுவைச் சமையல்காரரோ பரிமாறுகிறவரோ எல்லார் முன்னாலும் நின்று சத்தமாகச் சொல்வார், பல இடங்களில் முதலில் தங்கள் மொழியில், பிறகு ஆங்கிலத்தில்.

ஆற்றைப் பார்த்த மேசைதான் எல்லாருக்கும் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அது சரி. கசானேயில் மரமேடையில் உட்கார்ந்தால் ஆற்றுக்கு நடுவில் செடுடு தீவு, அதற்கு அப்பால் நமீபியா. அந்தத் தீவுக்காக இரண்டு நாடுகளும் சர்வதேச நீதிமன்றம்வரை போய், 1999-இல் அது போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பானது. யானைகளுக்குத் தீர்ப்பு பற்றிக் கவலை இல்லை, தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நீந்திப் போய்ப் புல் தின்றுவிட்டு வரும். இரவில் ஆற்றோரம் இருட்டுதான் தெரியும், பூச்சிகள்தான் மொய்க்கும். இரவுக்கு உள்பக்க மேசையே மேல் என்பேன். முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி ஈசல் வந்து சூப்பில் விழும். அங்கேயும் ஈசலை வறுத்துத் தின்கிறவர்கள் உண்டு, ஆனால் சூப்பில் யாரும் கேட்பதில்லை.

பகல் நேரத்து ஆபத்து குரங்குதான். வெர்வெட் குரங்கு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வேறு எங்கேயோ பார்ப்பதுபோல நடிக்கும். நீங்கள் படம் எடுக்கப் போனைத் தூக்கினதும் ஒரே தாவல், மேசை நடுவிலிருக்கும் சர்க்கரைப் பொட்டலங்களில் நாலைந்தை அள்ளிக்கொண்டு கூரைமேல் ஏறிவிடும். அங்கே உட்கார்ந்து பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழித்து, தலையைப் பின்னால் சாய்த்து, உள்ளே இருப்பதை வாயில் கொட்டிக்கொண்டு, காகிதத்தை உங்கள் தட்டுப் பக்கமாகவே போடும். பபூன் இன்னும் பெரிது, அதோடு பிடிவாதத்துக்கு நிற்காதீர்கள், ரொட்டியை விட்டுவிடுங்கள். பல லாட்ஜ்களில் குரங்கை விரட்டவே கையில் கவணோடு ஓர் ஆள் நிற்பார். எக்காரணம் கொண்டும் எதற்கும் தீனி போடாதீர்கள், கீழே புல்வெளியில் மண்டிபோட்டு மேயும் வார்ட்ஹாக் பன்றிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனிதன் கையில் சாப்பாடு இருக்கும் என்று பழகிவிட்ட விலங்கைக் கடைசியில் சுட்டுவிடுவார்கள்.

என்ன கேட்பது

அசைவக்காரர்களுக்கு முதல் சிபாரிசு மீன். ப்ரீம் என்று போட்டிருக்கும், திலாப்பியா குடும்பம். முழுசாகப் பொரித்தோ சுட்டோ தந்தால் கையாலேயே சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாம்பியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறுகளில் மீன்பிடித் தடை, அந்த நேரத்தில் தட்டுக்கு வருவது கரீபா ஏரிப் பண்ணை மீனாக இருக்கலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். டைகர் ஃபிஷ் தூண்டில்காரர்களின் கனவு, சாப்பிடுகிறவர்களுக்கு முள்தான். கபெண்டா என்பது நெத்திலி அளவு மீன். டாங்கன்யிகா ஏரியிலிருந்து 1960-களில் கொண்டுவந்து கரீபாவில் விட்டார்கள், இப்போது அந்த ஊர் ஏழை வீட்டுக் கருவாடே அதுதான். மொறுமொறுவென்று பொரித்தது கிடைத்தால் விடாதீர்கள்.

காட்டு விலங்கு இறைச்சி என்று குடு, இம்பாலா, ஈலண்ட் என்கிற மான் வகைகள், வார்ட்ஹாக், நெருப்புக்கோழி எல்லாம் மெனுவில் வரும். குடுவும் இம்பாலாவும் கொழுப்பே இல்லாத இறைச்சி. நம் பழக்கத்துக்கு 'நன்றாக வேகவையுங்கள்' என்று சொல்லிவிட்டால் செருப்புத்தோல்தான் வரும், நடுவில் கொஞ்சம் சிவப்பு இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அது பிடிக்காது என்றால் ஸ்டேக் கேட்காதீர்கள், அதே இறைச்சியைப் பொய்க்கியில் கேளுங்கள்: மூன்று கால் இரும்புப் பானையில் காய்கறியோடு மணிக்கணக்காகக் கரியில் வேகிற குழம்பு, பஞ்சு மாதிரி வெந்திருக்கும். முதலை வால் இறைச்சி வெள்ளையாக, கோழிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு சுவை. ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போட்ஸ்வானாவில் செஸ்வா கேளுங்கள். மாட்டிறைச்சியையோ ஆட்டிறைச்சியையோ உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, மரத்தடியால் இடித்து நார் நாராக்கித் தருவது. மசாலா கிடையாது. கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் இதுதான், பெரும்பாலும் ஆண்கள் சமைப்பது. மசாலா இல்லாத இறைச்சி என்ன இறைச்சி என்று நினைக்கிறவர்கள் ஒரு வாய் வைத்துப் பார்க்கட்டும்.

மொபானே புழு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மொபானே மரத்து இலையைத் தின்று வளரும் ஒரு அந்துப்பூச்சியின் புழு அது, குடலைப் பிதுக்கி எடுத்து, வேகவைத்து, காயவைத்து, பிறகு தக்காளி வெங்காயத்தோடு வதக்குவார்கள். விக்டோரியா ஃபால்ஸ் ஊரில் போமா என்ற உணவகத்தின் விருந்தில் இதைச் சாப்பிட்டால் சான்றிதழே கொடுக்கிறார்கள். மண்வாசனையோடு மொறுமொறுப்பாக இருக்கும், புரதம் அதிகம். சுற்றுலாக்காரர்கள் முகத்தைச் சுளித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் பரிமாறுகிறவரின் வீட்டில் அது சாதாரணச் சாப்பாடு. பிடிக்காவிட்டால் பேசாமல் ஒதுக்கி வையுங்கள், போதும்.

இனிப்புக்கு மால்வா புட்டிங் ஒன்றே போதும். ஆப்ரிகாட் ஜாம் சேர்த்துச் சுட்ட பஞ்சுபோன்ற கேக், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே கிரீமும் வெண்ணெயும் சேர்ந்த பாகை ஊற்றி ஊறவிட்டது.

என்ஷீமா சாப்பிடும் முறை

வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கெட்டியாகக் கிண்டுவது. சாம்பியாவில் என்ஷீமா, ஜிம்பாப்வேயில் சட்சா, தென்னாப்பிரிக்காவில் பாப். நம் கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, நிறம் மட்டும் வெள்ளை. முள்கரண்டியால் சாப்பிட்டால் ருசி போய்விடும்.

முதலில் கை கழுவ ஒரு கூஜாவும் அகலப் பாத்திரமும் கொண்டுவருவார்கள். அவர் தண்ணீர் ஊற்ற நீங்கள் கழுவ வேண்டும், கூஜாவைப் பிடுங்கி நீங்களே ஊற்றிக்கொள்ளத் தேவையில்லை. வலது கையால் ஒரு சின்ன உருண்டை கிள்ளி, உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்து, அந்தக் குழியில் கீரையையோ குழம்பையோ அள்ளி வாயில் போடுங்கள். சூடு கையைச் சுடும், மேல்பக்கம் ஓரத்திலிருந்து கிள்ள ஆரம்பியுங்கள். தொட்டுக்கொள்வதை அங்கே மெனுவில் 'ரெலிஷ்' என்று போடுவார்கள், கடைப் பாட்டில் சட்னி என்று நினைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள், முழுச் சாப்பாடே அதுதான். இரவில் அளவாகச் சாப்பிடுங்கள், வயிற்றில் கல் மாதிரி உட்காரும், விடியற்காலை ஜீப்பில் குலுங்க வேண்டியிருக்கிறது.

குடிக்க

சாம்பியாவில் மோசி பீர், ஜிம்பாப்வேயில் சாம்பெசி, போட்ஸ்வானாவில் செயின்ட் லூயிஸ். ஒயின் என்றால் தென்னாப்பிரிக்கப் பினோடாஜ், அந்த நாட்டிலேயே 1925-இல் இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உண்டாக்கியது, குடு இறைச்சிக்குப் பொருந்தும். மது குடிக்காதவர்கள் வெறும் கோக் குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ராக் ஷேண்டி என்று கேளுங்கள்: லெமனேட், சோடா, பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு சில சொட்டு, வெயிலுக்கு அதைவிட எதுவும் இல்லை. பிட்டர்ஸில் துளி ஆல்கஹால் உண்டு, அதுவும் வேண்டாதவர்கள் அது இல்லாமல் கேட்கலாம். ஜிம்பாப்வேயில் மசோவே ஆரஞ்சு ஸ்குவாஷ், காலையில் ரூய்போஸ் டீ. அந்த டீயில் காஃபின் கிடையாது, அதனால் அதைக் குடித்து விழித்துக்கொள்ள முடியாது. குடிதண்ணீர் லாட்ஜ் தருகிற வடிகட்டிய தண்ணீரோ பாட்டிலோ மட்டும், ஐஸ் எந்தத் தண்ணீரில் என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

சாப்பிட்ட பிறகு தனியாக நடக்காதீர்கள்

இந்த ஒன்றில் விளையாட்டே கூடாது. சாப்பாட்டு மேடையிலிருந்து உங்கள் அறை ஐம்பது அடிதான் இருக்கும், வழியில் விளக்கும் இருக்கும், அப்படியும் இருட்டினபின் காவலர் வந்து கூட்டிப்போகும்வரை காத்திருங்கள். பகலெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் நீர்யானை இரவில் கரையேறிப் புல் மேயும், ஓர் இரவுக்கு 40 கிலோ அளவுக்கு. லாட்ஜின் புல்தரைதான் ஆற்றங்கரையிலேயே நல்ல புல். சத்தமே இல்லாமல் நிற்கும், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நீங்கள் போய்விட்டால் ஓடித் தப்ப முடியாது. யானையும் பாதையில் நிற்கலாம், அது நகரும்வரை எல்லாரும் சாப்பாட்டு மேடையிலேயே அரை மணி கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும், அதற்குத்தான் இன்னொரு காபி. பகலிலும் தண்ணீர் விளிம்புக்குப் போய்க் கால் நனைப்பது, உட்கார்ந்து படம் எடுப்பது வேண்டாம், முதலை உங்களுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது.

பில், டிப்ஸ்

ஊரை ஒட்டிய உணவகங்களில் சேவைக் கட்டணம் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பத்து சதவீதம் வழக்கம். எல்லாம் சேர்ந்த லாட்ஜ்களில் வேளைக்கு வேளை கொடுக்கத் தேவையில்லை. கிளம்பும் அன்று வரவேற்பில் இருக்கும் பொதுப் பெட்டியில் போட்டால் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர்வரை பங்கு போகும், வழிகாட்டிக்கு மட்டும் தனியாகக் கையில் கொடுங்கள். போட்ஸ்வானாவில் புலா, சாம்பியாவில் குவாச்சா, ஜிம்பாப்வேயில் அமெரிக்க டாலர்தான் எங்கும் ஓடுகிறது. ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாக நிறைய எடுத்துப் போங்கள், நூறு டாலருக்குச் சில்லறை தருவது அங்கே பெரிய வேலை. கிழிந்த, கறைபட்ட, பழைய தாளை வாங்கவே மாட்டார்கள். கார்டு பெரும்பாலான இடங்களில் செல்லும், நெட்வொர்க் இருக்கும்போது.

கடைசியாக ஒன்று, காரில் போகிறவர்களுக்கு. காலைச் சவாரிக்குக் கட்டித் தந்த சாண்ட்விச்சில் மிஞ்சிய இறைச்சி, வழியில் வாங்கிய பில்டாங் (உலர்த்திய இறைச்சி) எதையும் பைக்குள் மறந்து வைத்துக்கொண்டு எல்லைக்குப் போகாதீர்கள். போட்ஸ்வானாவில் கால்நடைகளுக்குக் கோமாரி பரவாமல் இருக்கச் சாலைகளில் சோதனைச் சாவடிகள் வைத்திருக்கிறார்கள். வண்டியைத் திறந்து பார்ப்பார்கள், பச்சை இறைச்சி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், இறங்கி மருந்து நனைத்த விரிப்பில் செருப்பை மிதித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் மற்ற செருப்புகளையும் சில சமயம் கேட்பார்கள், அவற்றை மேலாக எடுத்து வையுங்கள்.